எதிர்த் தெரு ஏன் எங்களோடு ஓட்டுப் போடவில்லை? (தாம்பரம், ஆவடி, 2022 முடிவுகள்)

ராஜகீழ்ப்பாக்கம் வாடகை வீட்டுக்காரர் எழுதியது:

வணக்கம். திருச்சியிலிருந்து வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. வாக்காளர் அட்டையை இப்போதுதான் இந்த முகவரிக்கு மாற்றினேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் இங்கேதான் ஓட்டு என்பதால், போன தடவை என்ன நடந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, தாம்பரத்தில் மொத்தம் 70 வார்டு, திமுக கூட்டணிக்கு 50-க்கு மேல், அதிமுகவுக்கு ஒற்றை இலக்கம், மீதி சுயேச்சைகள். இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

என் அக்கா வீடு வேங்கைவாசலில். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பேச்சுவாக்கில் கேட்டபோது அவர், "நாங்க பிப்ரவரியில ஓட்டே போடலையே, அதுக்கு முன்னாடி அக்டோபர்லயே போட்டுட்டோம், நாலு சீட்டு குடுத்தாங்க" என்றார். எங்கள் தெரு மாநகராட்சி, அவர்கள் ஊராட்சி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதே கடை, அதே பஸ், மழை பெய்தால் இரண்டு பக்கமும் அதே முட்டளவு தண்ணீர். ஓட்டு மட்டும் எப்படி வேறு வேறு தேதியில்?

இன்னொன்று. எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால் லாரிக்குப் போன் போட வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், வந்தவர் சொல்வதுதான் காசு. மாநகராட்சிக்குள் இருந்துகொண்டு இது ஏன் இப்படி என்று யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. கவுன்சிலரையா, மேயரையா? மேயருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை என்கிறார்கள். சென்னையில் ஒரு காலத்தில் மக்களே நேராக மேயருக்கு ஓட்டுப் போட்டதாக ஞாபகம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல முடியுமா?

---

சேலையூர் பழையவர் எழுதியது:

தம்பி, நான் இந்தப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், 50, 70 என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புறநகரில் ஒன்றும் புரியாது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தைப் பார்க்க வேண்டும்.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அதற்கு முன் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அந்தப் பதவிக்காலம் 2016-இல் முடிந்தது. தேர்தலும் அறிவித்துவிட்டார்கள், வேட்புமனுவும் வாங்கியாயிற்று, அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை என்று திமுக தரப்பு போட்ட வழக்கு அது. அதற்கப்புறம் கவுன்சிலர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள். ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டி நீட்டி 2022 மார்ச் வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் எங்கள் தெருவுக்கு என்று ஒரு ஆள் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். 2018-இல் சொத்து வரியை ஏற்றினார்கள், மன்றத்தில் எழுந்து பேச ஒருவர்கூட இல்லை. 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள் என்பது வேறு கதை.

இந்த இடைவெளியில்தான் மாநகராட்சி வருகிறது. 2021 நவம்பர் 3-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். உங்கள் ராஜகீழ்ப்பாக்கம் செம்பாக்கம் நகராட்சியில் இருந்த பகுதி, அதனால் நீங்கள் உள்ளே. வேங்கைவாசல் கிராம ஊராட்சி, அதனால் உங்கள் அக்கா வெளியே.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 39 வார்டு. பல்லாவரத்தில் 42. இரண்டையும் கூட்டினாலே 81. மற்ற எட்டு ஊர்களையும் சேர்த்துப் புது மாநகராட்சிக்குக் கொடுத்தது 70. 2011 கணக்கெடுப்பிலேயே இந்தப் பத்து ஊர்களின் மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டுகிறது, அப்படியென்றால் ஒரு கவுன்சிலருக்குப் பத்தாயிரம் பேர், இன்றைக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். மாநகராட்சி ஆனதில் பெருமை உண்டு, நிதியும் கூடுதலாக வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு கூப்பிடு தூரத்தில் இருந்த கவுன்சிலர் இப்போது ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்கூட இருக்கலாம். கட்சிக் கணக்கை நாலு நாள் பேசினார்கள், இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வாக்குப்பதிவு அன்று நடந்ததையும் சொல்கிறேன். சனிக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரமாகப் போய்விடலாம் என்று ஏழரைக்கெல்லாம் கிளம்பினோம். எப்போதும் ஓட்டுப் போடும் பள்ளிதான். என் பெயர் இருந்தது. மனைவி பெயர் அதே பள்ளியில் வேறு அறையில். மகன் பெயர் இரண்டு அறையிலும் இல்லை. வாசலில் பந்தல் போட்டு சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள் லேப்டாப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "சார், இவரு பேரு பக்கத்து வார்டுல இருக்கு, அந்த ஸ்கூலுக்குப் போகணும்" என்றார்கள். ஒரே வீடு, ஒரே கதவு எண், இரண்டு வார்டு. மகன் வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஸ்கூட்டரில் அங்கே போய்ப் போட்டுவிட்டு வந்தான். எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள்? என் தெருவிலேயே மூன்று வீட்டில் "அடப் போங்கப்பா" என்று திரும்பி வந்துவிட்டார்கள். ஓட்டு சதவீதம் குறைந்துவிட்டது, படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று அன்று ராத்திரி டிவியில் பேசியபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

---

பொழிச்சலூர்வாசி எழுதியது:

உங்கள் அக்காவின் கதைதான் எங்களுக்கும். பொழிச்சலூர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் பம்மல், ஒரு பக்கம் அனகாபுத்தூர், இரண்டும் மாநகராட்சி. இன்னொரு பக்கம் அடையாறு, அதற்கு அந்தப் பக்கம் விமான நிலையம். நடுவில் நாங்களும் கவுல்பஜாரும் ஊராட்சி. மூவரசம்பேட்டை, முடிச்சூர், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் எல்லாமே இப்படித்தான். அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தால் எது ஊராட்சி எது மாநகராட்சி என்று யாராலும் சொல்ல முடியாது.

தேதி ஏன் வேறு என்று கேட்டீர்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது, ஆனால் புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு எல்லைகளை முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது அப்போதுதானே. அதனால் எங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. நாலு சீட்டு என்று அக்கா சொன்னது சரி. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிறம். மிஷின் கிடையாது, முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். என் அம்மாவுக்கு அந்த நாலையும் பிரித்து வைத்து, சின்னத்தைத் தேடிக் குத்தி, மை அடுத்த பக்கம் ஒட்டாமல் மடித்துப் போட பத்து நிமிஷம் ஆனது. வெளியே வந்து, "எனக்குத் தெரிஞ்ச முகம் ரெண்டு பேருதான், மத்த ரெண்டுக்கும் கட்சியைப் பாத்து குத்திட்டேன்" என்றார்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, சீப்பு என்று பொதுச் சின்னங்கள்தான். ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. ஊராட்சித் தலைவரை நாங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறோம். ஏழு லட்சம் பேர் இருக்கும் மாநகராட்சிக்காரர்கள் தங்கள் மேயரை நேராகத் தேர்ந்தெடுக்க முடியாது, எங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. மாநகராட்சியோடு எங்களையும் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி வரும்போது, ரோடு வரும், குழாய் வரும் என்று ஆசையும் இருக்கிறது, தலைவரை நேராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடுமே என்று கவலையும் இருக்கிறது. இரண்டையும் நான் மனதாரச் சொல்கிறேன்.

---

ஆவடி தொழிலாளி எழுதியது:

மேயர் விஷயம் நான் சொல்கிறேன். 1996-இலும் 2001-இலும் சென்னையில் நேரடித் தேர்தல், இரண்டு தடவையும் ஸ்டாலின் ஜெயித்தார். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை, மா. சுப்பிரமணியன் மேயர் ஆனார். 2011-இல் மறுபடியும் நேரடி, சைதை துரைசாமி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகத் தேர்தல் என்று மாற்றியவர்கள் அதிமுக அரசு, அதை அப்படியே வைத்துத் தேர்தல் நடத்தியவர்கள் திமுக அரசு. ஆளுகிறவர்களுக்கு எது தோதோ அது என்பதில் இரண்டு கட்சிக்கும் வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து.

2022 மார்ச் 2-இல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், 4-ஆம் தேதி மேயர் தேர்தல். இதில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். சென்னை, தாம்பரம் இரண்டும் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கீடு, எங்கள் ஆவடி பட்டியலினப் பொது. சென்னையில் பிரியா, தாம்பரத்தில் வசந்தகுமாரி, ஆவடியில் உதயகுமார். வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25. சென்னையையும் அதை ஒட்டிய இரண்டு மாநகராட்சிகளையும் சேர்த்து மூன்று நாற்காலியிலும் பட்டியலினத்தவர் உட்கார்ந்த அந்த நாள் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் சந்தோஷமாகப் பேசப்பட்டது. வார்டுகளிலும் பாதி பெண்களுக்கு. இது கட்சிகள் தானாகக் கொடுத்தது இல்லை, சட்டம் கொடுத்தது.

ஆவடி 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது, 48 வார்டு. ஆனால் முதல் மாமன்றம் உட்கார 2022 ஆக வேண்டியிருந்தது. திமுக அணி 40-க்கு மேல் பிடித்தது. நான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 2021 அக்டோபர் 1-ஆம் தேதிதான் மத்திய அரசு படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து எங்கள் கனரக வாகனத் தொழிற்சாலையைத் தனி நிறுவனத்துக்குக் கீழே கொண்டுபோனது. அந்தக் கோபம் அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது, கேன்டீனில் வேறு பேச்சே கிடையாது. பாஜக தனியாகவும் அதிமுக தனியாகவும் நின்றது வேறு. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை வந்தது என்று நினைக்கிறேன், எவ்வளவு பங்கு எதற்கு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது.

இன்னும் ஒரு குழப்பம் சொல்லட்டுமா. எங்களுக்கு அடுத்த கிராம ஊராட்சிகள் திருவள்ளூர் மாவட்டம். அது பழைய மாவட்டம் என்பதால் அங்கே 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்தது, 2025 ஜனவரியில் பதவிக்காலமும் முடிந்தது, தனி அலுவலர் வந்தாயிற்று. பொழிச்சலூர், வேங்கைவாசலுக்கு 2026 அக்டோபர் வரை. மாநகராட்சிகளுக்கு 2027 தொடக்கம் வரை. ஒரே சென்னைப் புறநகர், மூன்று தேர்தல், மூன்று முடிவு தேதி. மழைநீர் வடிகால் ஒரு ஊரில் ஆரம்பித்து மூன்றாவது ஊர் ஏரியில் போய் விழ வேண்டும் என்றால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதவியில் இருக்க வேண்டாமா?

---

பெருங்களத்தூர் ரயில் பயணி எழுதியது:

எல்லோரும் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடலாம். உள்ளாட்சியில் ஆளுங்கட்சிக்குப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படி நினைத்துத்தான் போட்டேன். 2011-இல் அதிமுக ஆட்சிக்கு வந்த ஐந்தே மாதத்தில் தேர்தல், அப்போது இருந்த 10 மாநகராட்சியும் அவர்களுக்கு, சென்னையில் 200-க்கு 168 வார்டு. 2022-இல் திமுக ஆட்சிக்கு வந்து ஒன்பது மாதம், 21 மாநகராட்சியும் அவர்கள் கூட்டணிக்கு, சென்னையில் திமுகவுக்கு மட்டும் 153. மக்கள் மாறவில்லை, ஆட்சி மாறியது. மாநகராட்சிக்குச் சொந்த வருமானம் குறைவு, பெரிய திட்டம் எல்லாமே கோட்டையிலிருந்து வர வேண்டும். பாதாள சாக்கடைக்குக் கோடிக்கணக்கில் வேண்டும் என்றால் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எங்கே போய்க் கேட்பார்?

---

சேலையூர் பழையவர் எழுதியது:

பெருங்களத்தூர் சார், உங்கள் நியாயம் புரிகிறது, ஆனால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி சொத்து வரி உயர்வு அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் பக்கம் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1800-க்கு மேல் 100 சதவீதம். 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை, ஏற்றாவிட்டால் மத்திய மானியம் வராது என்று காரணம் சொன்னார்கள். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். சாக்கடை வராத தெருவுக்கும் அதே விகிதமா என்று மன்றத்தில் அழுத்திக் கேட்க வேண்டிய ஆள் யார்? எல்லோரும் ஆளுங்கட்சி என்றால் கேட்கத் தயங்குவார்கள், அது மனித இயல்பு. அலை அடித்த அந்தத் தேர்தலிலேயே தாம்பரத்தில் சுயேச்சைகள் ஜெயித்தார்களே, அந்த வார்டுகளில் மக்கள் ஆளைப் பார்த்துத்தானே போட்டிருக்கிறார்கள்? அந்த முடிவுகளைத்தான் நான் அதிகமாக மதிக்கிறேன்.

---

மாடம்பாக்கம் மேடம் எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு ஒரு உபயோகமான விஷயம் சொல்கிறேன். வார்டு கமிட்டி, பகுதி சபை என்று இரண்டு இருக்கிறது. ஊராட்சிக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்வரே நம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். அதனால் அப்படி ஒன்று இல்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

எங்கள் பகுதியில் முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தோம், எண்ணினேன். அதில் எட்டுப் பேர் பெண்கள். நான் வாய் திறந்தது குப்பை வண்டி நேரத்துக்காக. ஆறு மணிக்கு வருகிறது, அப்போது வீட்டில் சமையலே ஆரம்பித்திருக்காது, எட்டுக்கு வந்தால் ஈரக்கழிவைத் தனியாகக் கொடுக்க முடியும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் நேரம் மாறியது. சின்ன விஷயம்தான், ஆனால் தனி அலுவலர் காலத்தில் இதைச் சொல்ல நாற்காலி போட்ட ஒரு இடம்கூடக் கிடையாது. பாதாள சாக்கடையையும் அதே கூட்டத்தில் கேட்டோம், இன்னும் பதில் இல்லை, மறுபடியும் கேட்போம். வாடகைக்கு இருக்கிறவர்கள் வரக் கூடாது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

---

ராஜகீழ்ப்பாக்கம் வாடகை வீட்டுக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு முதல் வேலையாக வீட்டு ஓனரிடம் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதில் எங்கள் வார்டு எண் இருந்தது. இரண்டு வருஷமாக அது எனக்குத் தெரியாது. அப்புறம் வாக்காளர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் பெயர் இருக்கிறது, என் மனைவி பெயர் இன்னும் திருச்சியில்தான் இருக்கிறது. விண்ணப்பம் எழுதியாகிவிட்டது.

சேலையூர் சார், உங்கள் 81-க்கு 70 கணக்கை அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க தலைவரு வீட்டுக்கு நான் நைட்டியோட போய் தண்ணி வரலன்னு சொல்லிட்டு வருவேன், உங்க கவுன்சிலர் வீடு எங்கடா இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்டுபிடிக்கப் போகிறேன். மாடம்பாக்கம் மேடம், எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று எங்கே ஒட்டுவார்கள்? மண்டல அலுவலகத்திலா, வேறு எங்காவதா?

---

மாடம்பாக்கம் மேடம் எழுதியது:

எங்களுக்கு ரேஷன் கடைப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். உங்கள் பக்கம் குப்பை வண்டியில் வரும் அக்காவைக் கேளுங்கள், அவர்களுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும்.